ஆய்வுக்கூடமும் தொழிற்கூடமும்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்துக் கருத்துணர்ந்திடுக.

காப்பார் சாலையில்

கிள்ளான் நகரிலிருந்து கோலசிலாங்கூரை நோக்கிச் செல்லும் கூட்டரசுச் சாலையில் பயணம் செய்தால் வழியில் காப்பார் பட்டணம் வரும். கடைவீடுகள், கோயில்கள், பள்ளிகள், குடியிருப்புகள் ஆகியவற்றைக் கடந்து கடலோரம் நோக்கினால், சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜீஸ் மின்நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் தொலைவிலிருந்தே கண்ணில் படும். கிள்ளான் காப்பார் சாலையிலும் அருகிலுள்ள மேரு வட்டாரத்திலும் இரப்பர் கையுறைத் தொழிற்சாலைகள் இரவு பகலாக இயங்குகின்றன. இங்கே செய்யப்படும் கையுறைகளை உலகின் பல நாடுகளில் மருத்துவர்களும் தாதியரும் அணிகின்றனர்.

இரண்டு தலைமுறைக்கு முன்பு இவ்வட்டாரத்தின் காட்சி வேறாக இருந்தது. விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டச் சென்ற பாட்டாளிகளின் குடும்பங்கள் சுற்றியிருந்த தோட்டங்களில் வாழ்ந்தன. அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று இதே வட்டாரத் தொழிற்சாலைகளில் இயந்திர இயக்குநர்களாகவும் தர ஆய்வாளர்களாகவும் பொறியியலாளர்களாகவும் பணியாற்றுகின்றனர்.

காப்பாரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்கள் சில அமைந்துள்ளன. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் உள்ளது. செர்டாங்கில் மலேசிய புத்ரா பல்கலைக்கழகமும் பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமும் உள்ளன. ஒரு பக்கம் ஆய்வுக்கூடங்கள், மறுபக்கம் தொழிற்கூடங்கள். இரண்டும் அருகருகே இருந்துவிட்டால் மட்டும் புதிய தொழில்நுட்பம் பிறந்துவிடுமா? பிறக்காது. பக்கத்து வீட்டார் இருவர் ஆண்டுக்கணக்கில் பேசாமலே வாழ்வதும் உண்டு அல்லவா? அருகில் இருப்பவர்கள் இணைந்து செயல்பட என்ன தேவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பால்மரம் கற்பித்த பாடம்

ஆய்வும் தொழிலும் இணைவது நம் நாட்டுக்குப் புதிதன்று. பிரேசில் நாட்டைச் சேர்ந்த பால்மரத்தின் 22 கன்றுகள் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் செம்மைப்படுத்தினார். ஒரு தாவரவியலாளரின் அந்த ஆய்வே பின்னாளில் மலாயாவின் மாபெரும் தொழிலுக்கு வழி வகுத்தது.

தொழில் வளர்ந்தபின் அதற்கென ஓர் ஆய்வு நிறுவனம் தேவைப்பட்டது. 1925ஆம் ஆண்டில் மலாயா இரப்பர் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. அதன் சோதனைத் தோட்டம் காப்பாருக்குக் கிழக்கே, சுங்கை பூலோவில் அமைந்தது. இக்கழகத்தின் செலவை ஈடுகட்டிய முறை நாம் கவனிக்கத்தக்கது. ஏற்றுமதியான இரப்பர் மீது ஒரு தீர்வை விதிக்கப்பட்டது. அந்தப் பணத்தில் ஆய்வு நடந்தது. தொழில் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. ஆய்வு தொழிலுக்குப் புதிய மரவகைகளையும் புதிய முறைகளையும் கொடுத்தது. பனி கொட்டும் காலையில் மங்குகளில் சேர்ந்த ஒவ்வொரு சொட்டுப் பாலிலும் அந்த ஆய்வுக்கூடத்திற்கான ஒரு பங்கு இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தொழிலுக்கு ஒரு நெருக்கடி ஏற்பட்டது. பெட்ரோலியத்திலிருந்து செய்யப்பட்ட செயற்கை இரப்பர் சந்தையில் பெருகியது. ஒவ்வொரு மூட்டையின் தன்மையும் அளந்து எழுதப்பட்டிருந்ததால் டயர் உற்பத்தியாளர்கள் அதை விரும்பி வாங்கினர். நம் இயற்கை இரப்பரோ கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கப்பட்டது. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறம், குமிழி, கறை ஆகியவற்றைப் பார்த்து ‘இது முதல் தரம், இது இரண்டாம் தரம்’ என்று சொல்வார்கள். ஆனால், டயர் உற்பத்தியாளருக்கு நிறம் முக்கியமன்று. அதில் எவ்வளவு அழுக்கு உள்ளது, எவ்வளவு ஈரம் உள்ளது என்பதே அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

வாங்குவோர் எழுப்பிய இந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடம் விடை கண்டது. 1965ஆம் ஆண்டில் ‘மலேசியத் தர இரப்பர்’ என்னும் திட்டம் அறிமுகமானது. அத்திட்டத்தின்படி இரப்பரைச் சிறு துணுக்குகளாக்கி, கழுவி, உலர்த்தி, 33.3 கிலோகிராம் எடையுள்ள கட்டிகளாக அழுத்தினர். ஒவ்வொரு தொகுதியிலும் அழுக்கு, சாம்பல், நைட்ரஜன் போன்றவற்றின் அளவு சோதிக்கப்பட்டது. தரத்தின் பெயரிலேயே அளவும் இடம்பெற்றது. தொடக்கத்தில் ‘எஸ்.எம்.ஆர். 20’ என்றால், 100 கிராம் இரப்பரில் அழுக்கு 0.20 கிராமைத் தாண்டக்கூடாது என்று பொருள். இதனால், மங்கின் அடியில் உறைந்த கட்டிப்பாலுக்கும் அளந்து சொல்லத்தக்க மதிப்பு கிடைத்தது.

இத்திட்டத்தை முன்னின்று உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் பி.சி. சேகர். மலேசிய இந்தியரான இவர் 1929ஆம் ஆண்டில் சுங்கை பூலோவை அடுத்த ஒரு தோட்டத்தில் பிறந்தவர். வேதியியல் பயின்று அதே வட்டாரத்துடன் தொடர்புடைய ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார். 1966ஆம் ஆண்டில் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற முதல் மலேசியர் என்னும் பெருமையைப் பெற்றார். 1973ஆம் ஆண்டில் அவருக்கு ரமோன் மக்சேசே விருது வழங்கப்பட்டது. தோட்டத்தையும் ஆய்வுக்கூடத்தையும் ஒருசேர அறிந்தவர் என்பதே அவருடைய பெரும் பலமாக இருந்தது.

கையுறைக்குள் ஓர் உண்மை

1980களில் எய்ட்ஸ் நோய் பற்றிய அச்சம் உலகெங்கும் பரவியது. மருத்துவமனைகளில் கையுறை அணிவது கட்டாயமாயிற்று. தேவை திடீரெனப் பெருகியதால் மலேசியாவில் புதிய தொழிற்சாலைகள் பல தோன்றின. கையுறை செய்யும் முறை பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். கை வடிவில் அமைந்த பீங்கான் அச்சுகள் சங்கிலியில் வரிசையாக நகரும். முதலில் உறையச் செய்யும் இரசாயனக் கரைசலில் முங்கும். பிறகு இரப்பர்ப்பாலில் முங்கும். அடுத்துச் சூடான நீரில் அலசப்படும், அடுப்பில் பதப்படும், இறுதியில் அச்சிலிருந்து கழற்றப்படும்.

ஆனால், சில ஆண்டுகளிலேயே ஒரு சிக்கல் வெளிப்பட்டது. கையுறை அணிந்த தாதியர் சிலருக்குத் தோல் தடித்தது. சிலருக்கு மூச்சுத் திணறியது. இரப்பர்ப்பாலில் இயற்கையாக உள்ள சில புரதங்களே இந்த ஒவ்வாமைக்குக் காரணம் என்று மருத்துவ ஆய்வுகள் காட்டின. கையுறை எளிதில் கழல்வதற்காகப் பூசப்பட்ட மாவு அப்புரதங்களைக் காற்றில் பரப்பியது. 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இது குறித்து எச்சரிக்கை விடுத்தது.

மாணவர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். இரப்பர் தொழிலின் பணத்தில் இயங்கும் ஓர் ஆய்வு நிறுவனம், அத்தொழிலின் பொருளால் மக்களுக்குத் தீங்கு நேர்கிறது என்பதை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அந்த உண்மையை மறுத்திருந்தால் சில மாதங்களுக்கு விற்பனை குறையாமல் இருந்திருக்கலாம். ஆனால், வாங்குவோரின் நம்பிக்கை முற்றாகப் போயிருக்கும். நம் ஆய்வாளர்கள் கையுறையில் எஞ்சும் புரதத்தின் அளவை அளக்கும் சோதனை முறைகளைச் செம்மைப்படுத்தினர். எத்தனை நிமிடம், எவ்வளவு சூடான நீரில் அலசினால் புரதம் குறையும் என்பதைக் கண்டறிந்தனர். தொழிற்சாலைகள் அதற்கேற்ப அலசும் தொட்டிகளை மாற்றின. மாவு பூசாத கையுறைகளைச் செய்யத் தொடங்கின. புரதமே இல்லாத நைட்ரைல் என்னும் செயற்கை இரப்பரிலும் கையுறைகள் செய்யப்பட்டன. அமெரிக்கா 2017ஆம் ஆண்டு தொடக்கத்தில் மாவு பூசிய மருத்துவக் கையுறைகளைத் தடை செய்தபோது, அந்த மாற்றத்துக்கு நம் தொழிற்சாலைகள் முன்கூட்டியே அணியமாகியிருந்தன. 2020ஆம் ஆண்டு வாக்கில், உலகம் பயன்படுத்திய இரப்பர் கையுறைகளில் பாதிக்கும் மேற்பட்டவை மலேசியாவில் செய்யப்பட்டவை.

இந்த வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. நைட்ரைல் கையுறைகள் பெருகியதால், இயற்கை இரப்பரை நம்பியிருக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கு அந்த வளர்ச்சியில் முழுப் பங்கு கிடைக்கவில்லை. புதிய தொழில்நுட்பம் வரும்போது யார் பயன் பெறுகிறார், யார் பின்தங்குகிறார் என்று கேட்பதும் ஆய்வாளரின் கடமையே.

ஒரு பேராசிரியரும் இரு மாணவர்களும்

பல்கலைக்கழகமும் தொழில் நிறுவனங்களும் இணைந்து வளர்வதற்கு உலகம் சுட்டும் முதல் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். 1930களில் அங்கு மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர் ஃபிரெடரிக் டெர்மன். படித்து முடித்த மாணவர்கள் வேலை தேடித் தொலைவிலுள்ள கிழக்கு மாநிலங்களுக்குச் செல்வது அவருக்கு வருத்தம் அளித்தது. பக்கத்திலேயே நிறுவனம் தொடங்கும்படி தம் மாணவர்களான வில்லியம் ஹியூலெட்டையும் டேவிட் பேக்கார்டையும் ஊக்கினார். 1939ஆம் ஆண்டில் அவ்விருவரும் 538 டாலர் முதலீட்டில், ஒரு வீட்டின் வாகனக் கொட்டகையில் தொழிலைத் தொடங்கினர். ஹியூலெட் தம் பட்டமேற்படிப்பு ஆய்வில் உருவாக்கிய ஒலி அலை இயற்றியே அவர்களது முதல் பொருள். அதன் மேம்பட்ட வகையில் எட்டுக் கருவிகளை வால்ட் டிஸ்னி நிறுவனம் ஒரு திரைப்படத்தின் ஒலிப்பணிக்காக வாங்கியது.

ஸ்டான்ஃபோர்டுக்கு ஏராளமான நிலம் இருந்தது. நிறுவனரின் நிபந்தனைப்படி அந்நிலத்தை விற்க முடியாது. எனவே, 1951ஆம் ஆண்டில் ஒரு தொழிற்பூங்கா அமைத்து, தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டது. 1954ஆம் ஆண்டில் மற்றொரு முக்கியத் திட்டமும் தொடங்கியது. அதன்வழி, சுற்றுவட்டார நிறுவனங்களில் பணிபுரிந்த பொறியியலாளர்கள் வேலையை விடாமலே பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக முதுகலைக் கல்வி பயின்றனர். காலையில் தொழிற்கூடத்தில் சந்தித்த சிக்கலை மாலையில் வகுப்பறைக்கு அவர்கள் கொண்டுவந்தனர். இவ்வாறு ஆட்கள் போய்வந்ததே சிலிக்கன் பள்ளத்தாக்கு வளர்ந்ததற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று.

தரமணியில் ஒரு விதி

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம், பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் முயற்சியால் தன் வளாகத்தை ஒட்டித் தரமணியில் ஓர் ஆய்வுப் பூங்காவை அமைத்தது. 2010ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய அப்பூங்கா, இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்தைச் சார்ந்து எழுந்த முதல் ஆய்வுப் பூங்காவாகும்.

அங்கு இடம் பிடிக்கும் நிறுவனங்கள் வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. புள்ளிகளும் ஈட்ட வேண்டும். பேராசிரியர்களுடன் கூட்டாய்வு செய்தால் புள்ளி கிடைக்கும். மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தாலும் புள்ளி கிடைக்கும். குறிப்பிட்ட அளவு புள்ளிகளைப் பெறாத நிறுவனம் அங்கே தொடர்வது கடினம். இவ்விதியை வகுத்தவர்கள் ஓர் உண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். சுவரை ஒட்டிக் கட்டடம் கட்டிவிட்டால் உறவு தானாக வளராது; அதை வளர்க்க ஒரு முறை வேண்டும்.

அதன் பயனைக் காட்டும் நிறுவனங்கள் சில உள்ளன. மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர் எனர்ஜி, அக்கழகத்தில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் ஆகிய இருவரால் 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, அங்கேயே தொடக்க உதவிகளைப் பெற்று வளர்ந்தது. விண்வெளித் துறையில் இயங்கும் அக்னிகுல் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் நிறுவனர்கள் எரிதல் துறையில் வல்லவரான பேராசிரியர் சத்தியநாராயணன் சக்கரவர்த்தியுடன் இணைந்தனர். முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாகச் செய்யப்பட்ட இயந்திரம் பொருத்திய ஏவூர்தியை அவர்கள் உருவாக்கினர். அதன் சோதனை நான்கு முறை கைவிடப்பட்டது. ஆயினும், மனம் தளராமல் முயன்று 30 மே 2024 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வெற்றிகரமாக ஏவினர். ஒவ்வொரு தடங்கலின்போதும் காரணத்தைக் கண்டறிய ஆய்வறிவு துணை நின்றது. தொழில்துறையின் துணிவும் பல்கலைக்கழகத்தின் பொறுமையும் அங்கே கைகோத்தன.

நம் நாட்டின் முயற்சிகள்

மலேசிய அரசாங்கம் 2006ஆம் ஆண்டில் நான்கு பல்கலைக்கழகங்களை ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவித்தது. மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், மலேசிய புத்ரா பல்கலைக்கழகம், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவையே அவை. 2010ஆம் ஆண்டில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அவற்றோடு சேர்ந்தது. இவ்வைந்தில் மூன்று, கோலாலம்பூரிலும் அதனைச் சூழ்ந்த சிலாங்கூர் பகுதியிலும் உள்ளன.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டில் தடையற்ற தொழிற்பேட்டை உருவானது. இண்டெல் முதலிய மின்னணு நிறுவனங்கள் அங்கு வந்தன. பாகங்களை இணைக்கும் வேலையில் தொடங்கிய அத்தொழில் படிப்படியாகச் சோதனைக்கும் வடிவமைப்புக்கும் முன்னேறியது. அந்த முன்னேற்றத்திற்கு உள்ளூர் ஆய்வாளர்கள் தேவைப்பட்டனர். நிறுவனங்களையும் பல்கலைக்கழகங்களையும் ஒரே மேசையில் அமர்த்துவதற்காக 2012ஆம் ஆண்டில் ‘கிரெஸ்ட்’ என்னும் கூட்டாய்வு மையம் அங்கு நிறுவப்பட்டது.

காப்பார் மின்நிலையத்திலும் இத்தகைய தொடர்பைக் காணலாம். மின்வாரியமான தெனாகா நேஷனல், 1997ஆம் ஆண்டில் தெனாகா நேஷனல் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தது. மின்துறைக்குத் தேவையான ஆய்வும் ஆள்வளமும் ஒரே கூரையின்கீழ் வளர வேண்டும் என்பதே அதன் நோக்கம். மேலும், நிலக்கரியை எரித்தால் மிக நுண்ணிய சாம்பல் மிஞ்சும். மின்நிலையத்திற்கு அது குவிந்துகிடக்கும் சுமை. கட்டுமான ஆய்வாளருக்கோ அது மூலப்பொருள். அச்சாம்பலைச் சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கலந்தால் சிமெண்டின் தேவை குறையும். தக்க அளவில் கலந்த கான்கிரீட்டில் நீரும் உப்பும் எளிதில் புகாது. காப்பார் சாம்பலைக் கொண்டே நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல சோதனைகளைச் செய்துள்ளனர். ஓரிடத்தின் கழிவு மற்றோரிடத்தில் செல்வமாக மாறுவதற்கு, இரண்டு இடங்களையும் அறிந்தவர் ஒருவர் தேவை.

ஏன் எளிதன்று?

இவ்வளவு நன்மை இருந்தும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் எல்லா நிறுவனங்களும் ஏன் இணைவதில்லை? முக்கியமாக மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, காலம். ஒரு முனைவர் பட்ட ஆய்வு மூன்று நான்கு ஆண்டுகள் நீடிக்கும். தொழிற்சாலைக்கோ அடுத்த மாத ஏற்றுமதிக்குள் தீர்வு வேண்டும். ஆய்வாளரின் பொறுமை நிறுவனத்திற்குச் சோம்பலாகத் தெரிகிறது. நிறுவனத்தின் அவசரம் ஆய்வாளருக்கு மேலோட்டமாகத் தெரிகிறது. உடனடியாகத் தீர்க்க வேண்டியதையும் நீண்டகாலம் ஆராய வேண்டியதையும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொண்டால் இந்த மனக்கசப்பைத் தவிர்க்கலாம்.

இரண்டாவது, வெளிப்படைத்தன்மை. கண்டறிந்ததைக் கட்டுரையாக வெளியிட்டு எல்லாரும் சோதிக்கும்படி செய்வது பல்கலைக்கழகத்தின் மரபு. போட்டியாளருக்குத் தெரியாமல் காப்பது நிறுவனத்தின் இயல்பு. ஒரு கண்டுபிடிப்பு முன்பே வெளியாகிவிட்டால் அதற்குக் காப்புரிமை பெறுவதும் கடினம். எனவே, முதலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பின்னர்க் கட்டுரையை வெளியிடுவதைப் பலர் பின்பற்றுகின்றனர். ஆனால், மக்களின் உடல்நலத்தைத் தொடும் செய்தியை எக்காரணம் கொண்டும் மறைக்கக்கூடாது. கையுறையின் ஒவ்வாமைச் சிக்கல் நமக்குக் கற்பித்த பாடம் அதுவே. பணம் கொடுப்பவர் விடையையும் விலைக்கு வாங்க முடியுமானால், அந்த ஆய்வை நம்புவதற்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

மூன்றாவது, உரிமை. கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்? ஆய்வு செய்த மாணவருக்கா, வழிகாட்டிய பேராசிரியருக்கா, ஆய்வுக்கூடம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கா, பணம் கொடுத்த நிறுவனத்துக்கா? கூகுள் தேடுபொறியின் அடிப்படை முறை ஸ்டான்ஃபோர்டில் இரு மாணவர்கள் செய்த ஆய்வில் உருவானது. அதன் காப்புரிமை பல்கலைக்கழகத்திடம் இருந்தது. அதைப் பயன்படுத்தும் உரிமைக்கு ஈடாகப் பெற்ற பங்குகளை விற்றதன்வழி ஸ்டான்ஃபோர்டுக்கு 33 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் கிடைத்தது. உரிமை யாருக்கு என்பது தொடக்கத்திலேயே எழுத்தில் தெளிவாக இருந்தால் பின்னாளில் வழக்கு எழாது, நட்பும் முறியாது.

கேள்வியைச் சுமந்து செல்பவர்

இதுவரை கண்ட எடுத்துக்காட்டுகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. டயர் உற்பத்தியாளரின் கேள்வி சுங்கை பூலோவுக்குச் சென்றது. தாதியரின் தோலில் தோன்றிய தடிப்பு ஆய்வுக்கூடத்தை எட்டியது. பகுதிநேரம் படித்த பொறியியலாளர்கள் தம் சிக்கல்களை வகுப்பறைக்குக் கொண்டுசென்றனர். பணமும் கட்டடமும் தேவைதான். ஆனால், பணியிடத்தின் கேள்வியை ஆய்வுக்கூடத்திற்கும் ஆய்வுக்கூடத்தின் விடையைப் பணியிடத்திற்கும் சுமந்து செல்லும் மனிதர்கள் இல்லாவிட்டால் அவை பயன்படா. இரு கை தட்டினால்தான் ஓசை எழும் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

கையுறைத் தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவை எடுத்துக்கொள்வோம். அங்கே மாதிரிக் கையுறை ஒன்றில் ஒரு லிட்டர் நீரை ஊற்றித் தொங்கவிட்டு, ஊசித்துளை வழியாக நீர் கசிகிறதா என்று பார்ப்பார்கள். கசிந்தால் அந்தக் கையுறையைக் கழித்துவிடலாம். அத்துடன் வேலை முடிந்தது. ஆனால், ஒரு பணியாளர் இன்னும் ஒரு படி மேலே சென்று சிந்திக்கலாம். ‘கசிவு ஏன் விரல் இடுக்கிலேயே வருகிறது? ஏன் பிற்பகலில் கூடுகிறது? இரப்பர்ப்பாலின் வெப்பநிலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?’ என்று அவர் குறித்துவைத்தால், அந்தக் குறிப்பு ஓர் ஆய்வின் தொடக்கமாகிறது. பட்டம் பெற்றவருக்கு மட்டும் உரியதன்று இந்தப் பழக்கம். கூர்ந்து பார்ப்பவர், எழுதிவைப்பவர், தயங்காமல் கேட்பவர் ஆகிய எவரும் இதைச் செய்யலாம்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தொழிற்சாலையிலோ துறைமுகத்திலோ செம்பனைத் தோட்டத்திலோ வேலை செய்யும் ஒருவர் இருப்பார். இன்று மாலை அவரிடம், “உங்கள் வேலையில் அடிக்கடி வரும் சிக்கல் எது? அதற்கு இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதைக் கவனமாக எழுதி வையுங்கள். அதை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அந்தக் கேள்விக்கு விடை காண, நாளை உங்களுள் ஒருவர் காப்பாரிலிருந்து ஆய்வுக்கூடத்திற்குச் செல்லக்கூடும். விடையோடு அவர் ஊர் திரும்பினால், அருகருகே இருந்தும் பேசாதிருக்கும் இரு வீடுகளுக்கிடையே ஒரு வாசல் திறக்கும்.

அருஞ்சொற்பொருள்

தீர்வை – ஏற்றுமதி அல்லது இறக்குமதிப் பொருள்மீது விதிக்கப்படும் வரி
மங்கு – பால்மரத்திலிருந்து வடியும் பாலை ஏந்தும் கிண்ணம்
ஒவ்வாமை – உடல் ஒரு பொருளை ஏற்காததால் தோன்றும் பாதிப்பு
காப்புரிமை – கண்டுபிடிப்பைப் பயன்படுத்தவும் விற்கவும் சட்டம் வழங்கும் தனியுரிமை
குத்தகை – குறிப்பிட்ட காலத்திற்குப் பணம் பெற்று நிலத்தைப் பயன்படுத்த விடுதல்
அணியமாதல் – ஆயத்தமாதல்

கருத்துணர் கேள்விகள்

1. மலாயா இரப்பர் ஆய்வுக் கழகத்தின் செலவு எவ்வாறு ஈடுகட்டப்பட்டது?
2. கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் முறை டயர் உற்பத்தியாளர்களுக்கு ஏன் நிறைவளிக்கவில்லை?
3. தரமணி ஆய்வுப் பூங்காவில் புள்ளி முறை எந்த நோக்கத்திற்காக வகுக்கப்பட்டது?
4. ‘பணம் கொடுப்பவர் விடையையும் விலைக்கு வாங்க முடியுமானால்’ என்னும் தொடரின்வழி கட்டுரையாளர் உணர்த்த விரும்புவது யாது?
5. பல்கலைக்கழகங்களும் தொழில் நிறுவனங்களும் இணைவதற்குரிய மூன்று தடைகளுள் எதனைக் களைவது மிகக் கடினம் என்று கருதுகிறீர்? காரணத்துடன் விளக்கி எழுதுக.